சுவரறிந்து அலமாரி மாட்டுவோம்

வீட்டுக்கடனின் இறுதித் தொகை வழங்கப்பட்டு, புதுவீட்டின் சாவி கைக்கு வந்ததும் வாடிக்கையாளர்களில் பலர் மேற்கொள்ளும் அடுத்த பெருஞ்செலவு அலமாரிகளுக்கானது. சமையலறைக்கு மேலடுக்கு, படுக்கையறைக்குத் துணி அலமாரி, பிள்ளைகளின் அறைக்குப் புத்தக அடுக்கு, கூடத்தில் தொலைக்காட்சிக்கு மேலே ஒரு நீண்ட பெட்டி எனப் பட்டியல் நீளும். எந்தப் பலகை, எந்த வண்ணம், சதுர அடிக்கு என்ன விலை என்பனவற்றை நாம் நான்கு இடங்களில் விசாரிக்கிறோம். அந்த அலமாரி எத்தகைய சுவரில் தொங்கப்போகிறது, அதனை எது பிடித்திருக்கப்போகிறது என்னும் கேள்வி மட்டும் பெரும்பாலும் கேட்கப்படுவதே இல்லை.

ஒரு தலைமுறைக்கு முன்பு அக்கேள்விக்கு அவசியமும் இருக்கவில்லை. சுவர் என்றாலே செங்கல் சுவர்தான். தச்சர் சுவரில் குழி பறித்து மரக்கட்டை அடித்து, அதில் திருகாணியை முடுக்குவார். அது பல ஆண்டுகள் அசையாமல் இருக்கும். இன்று நிலை வேறு. ஒரே அடுக்ககத்தின் ஒரே வீட்டில்கூட வெளிச்சுவர் கான்கிரீட், அறைத்தடுப்பு இலேசான கல், படிக்கும் அறையின் மறைப்பு ஜிப்சம் பலகை என மூவகைச் சுவர்கள் இருக்கக்கூடும். மூன்றுக்கும் ஒரே பெட்டியிலிருந்து ஒரே பிளக்கை எடுத்து அடித்தால், ஒன்று தாங்கும். ஒன்று சில மாதங்களில் தளரும். ஒன்று எப்போது வேண்டுமானாலும் விழும். விழும் அலமாரிக்குக் கீழே அடுப்பெதிரே நிற்பவரோ தரையில் விளையாடும் குழந்தையோ இருக்கலாம். ஆகவே, சுவரின் இயல்பை அறிந்து அதற்குரிய பிடிமானத்தைத் தேர்வது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

முதலில் எடைக் கணக்கு

சமையலறை மேலடுக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலம் 90 செ.மீ., உயரம் 60 செ.மீ., ஆழம் 30 செ.மீ. என்க. 18 மி.மீ. ஒட்டுப்பலகையின் எடை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 12 கிலோ. மேல், கீழ், இரு பக்கம், ஒரு நடுத்தட்டு, கதவுகள், மெல்லிய பின்பலகை அனைத்தையும் கூட்டினால் வெற்று அலமாரியே 22 கிலோ அளவில் வரும். அதனுள் பருப்பு, மாவு டப்பாக்கள், எவர்சில்வர் பாத்திரங்கள், எண்ணெய்ப் புட்டிகள் ஆகியவற்றை அடுக்கினால் 45 முதல் 50 கிலோ வரை சேர்வது எளிது. ஆக மொத்தம் 70 கிலோ. வளர்ந்த ஒருவர் இடைவிடாது சுவரைப் பற்றித் தொங்குவதற்கு ஒப்பானது.

இந்த எடை சுவரை இரு விதமாகத் தாக்குகிறது. ஒன்று, திருகாணியைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. மற்றொன்று, அலமாரியின் மேல்விளிம்பைச் சுவரிலிருந்து வெளிப்புறமாக இழுக்கிறது. கீழ்நோக்கிய அழுத்தத்தைப் பெரும்பாலான சுவர்கள் தாங்கிவிடும். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவது அந்த வெளியிழுப்புதான்.

வெளியிழுப்பைக் கணக்கிடுவது கடினமன்று. எடையின் மையம் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதனால் எடையைப் பெருக்கி, மேல் திருகாணிக்கும் அலமாரியின் கீழ்விளிம்புக்கும் இடையேயுள்ள உயரத்தால் வகுக்க வேண்டும். நமது எடுத்துக்காட்டில் மையம் 15 செ.மீ. தள்ளி உள்ளது, மேல் திருகாணி கீழ்விளிம்பிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் உள்ளது. 70 x 15 ÷ 55 = ஏறத்தாழ 19 கிலோ. இரு மேல் திருகாணிகள் இருப்பின் ஒவ்வொன்றும் பத்துக் கிலோ அளவு இழுப்பைத் தாங்கினால் போதும்.

இப்போது அதே அலமாரியின் ஆழத்தை 60 செ.மீ. ஆக்குவோம். கொள்ளளவோடு எடையும் ஏறத்தாழ இரட்டிக்கும். மையமும் இருமடங்கு தள்ளிப்போகும். 140 x 30 ÷ 55 = 76 கிலோ. ஆழம் இருமடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகிறது. "இன்னும் கொஞ்சம் ஆழமாகச் செய்துவிடுங்கள், நிறையப் பொருள் வைக்கலாம்" என்று தச்சரிடம் சொல்வதற்கு முன் இந்தக் கணக்கை நினைவிற்கொள்வது நலம்.

மற்றொன்றும் உண்டு. குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் இதே அலமாரி மாட்டப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 45 செ.மீ. அகலமுள்ள கதவைத் திறந்து, அதன் நுனியைப் பற்றிக்கொண்டு 20 கிலோ எடையுள்ள குழந்தை ஒன்று தொங்குகிறது. அந்த நுனி சுவரிலிருந்து 75 செ.மீ. தொலைவில் இருக்கும். 20 x 75 ÷ 55 = 27 கிலோ. அலமாரியும் அதனுள்ளே உள்ள அனைத்துப் பொருள்களும் சேர்ந்து தரும் இழுப்பைவிட அந்தக் குழந்தை ஒன்று தரும் இழுப்பு அதிகம். இதனால்தான் கணக்கில் வரும் அளவைப் போல் நான்கு மடங்கு தாங்கும் பிடிமானத்தைத் தேர்வது நல்ல வழக்கமாகக் கொள்ளப்படுகிறது.

சுவரை அடையாளம் காணல்

வீடு கட்டுநரிடம் வாங்கியதாயின், விற்பனை ஒப்பந்தத்தின் இணைப்பில் கட்டுமான விவரக்குறிப்பு இருக்கும். வெளிச்சுவர் எது, உட்சுவர் எது, தடிமன் எவ்வளவு என்பன அதில் குறிக்கப்பட்டிருக்கும். கடன் ஆவணங்களோடு அதன் படியும் உங்களிடம் இருக்கக்கூடும், எடுத்துப் பாருங்கள். பழைய வீடு அல்லது வாடகை வீடு எனில் சுவரையே கேட்க வேண்டியதுதான்.

விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால், நெடுகிலும் கெட்டியாக ஒலிப்பது கான்கிரீட் அல்லது செங்கல். பறையொலி போல் அதிர்ந்து ஒலிப்பது பலகைத் தடுப்பு. ஐயம் தீர, அலமாரி மறைக்கப்போகும் இடத்தில் 6 மி.மீ. அளவில் ஒரு சோதனைத் துளை இடுவது சிறந்தது. பூச்சைக் கடந்தபின் வரும் தூளைக் கவனியுங்கள். செந்நிறத் தூள் என்றால் செங்கல். சாம்பல் நிறத் தூள் மெல்ல மெல்ல வந்து, கருவி திணறினால் கான்கிரீட். சாம்பல் தூள் வந்து, சில செ.மீ. சென்றதும் கருவி சட்டென்று வெற்றிடத்தில் புகுந்தால் உள்ளீடற்ற கான்கிரீட் கல். வெளிர்நிறத் தூள் எளிதாக, நிறைய உதிர்ந்தால் ஏ.ஏ.சி. எனப்படும் இலேசான கல். வெண்ணிறச் சுண்ணத்தூள் சிறிதளவு வந்து உடனே வெற்றிடம் தென்பட்டால் ஜிப்சம் பலகை. சாம்பல் தூள் எளிதாகவும் தொடர்ந்தும் வருமாயின் அது சாம்பற்கல் எனப்படும் ஃபிளை ஆஷ் செங்கல்லாக இருக்கலாம். அதைச் செங்கல் போலவே நடத்தலாம்.

செங்கல் சுவர்

ஒன்பது அங்குலச் சுவராயின் கவலை குறைவு. நாலரை அங்குலச் சுவரில் துளையின் ஆழத்தைக் கவனிக்க வேண்டும். அளவு மீறினால் மறுபக்கப் பூச்சு பெயரும். 8 மி.மீ. நைலான் பிளக்கும் அதற்கேற்ற 5 மி.மீ. திருகாணியும் சமையலறை மேலடுக்குக்குப் பொதுவாகப் போதுமானவை.

இங்கு நேரும் பெரும்பிழை திருகாணியின் நீளத்தில்தான். உட்சுவரின் பூச்சு 12 மி.மீ. அளவில் இருக்கும்; சுவரை நேராக்கும் பொருட்டுச் சில இடங்களில் அது 20 மி.மீ.க்கு மேலும் போகும். பிளக் பூச்சுக்குள் பாதியும் கல்லுக்குள் பாதியுமாக நின்றால் அதன் பிடியும் பாதிதான். பிளக் முழுவதும் கல்லுக்குள் அமர வேண்டும். எனவே, அலமாரியின் பின்பலகைத் தடிமன், பூச்சின் தடிமன், பிளக்கின் நீளம் ஆகிய மூன்றையும் கூட்டியதே திருகாணியின் நீளமாக வேண்டும். பின்பலகையும் தாங்குபட்டையும் சேர்ந்து 24 மி.மீ., பூச்சு 15 மி.மீ., பிளக் 40 மி.மீ. எனில் 80 மி.மீ. திருகாணி தேவை. தச்சரின் பையில் பொதுவாக இருக்கும் 50 மி.மீ. திருகாணி அங்கே பயன்படாது.

துளை கல்லின் நடுவே விழுவது நன்று. இணைப்புக் காரையில் விழுந்தால் சற்று மேலோ கீழோ நகர்த்த வேண்டும். கொல்கத்தா, பழைய தில்லி போன்ற நகரங்களின் நூறாண்டு கடந்த சுண்ணாம்புக் காரைக் கட்டடங்களில் இது மேலும் முக்கியம். அங்குக் கல் உறுதியாக இருந்தாலும் காரை பொடிந்திருக்கக்கூடும்.

கான்கிரீட் சுவர்

பெருநகரங்களின் உயர்ந்த அடுக்ககங்களில் அலுமினிய அச்சுகளை நிறுத்தி, சுவரையும் தளத்தையும் ஒருசேர வார்க்கும் முறை பரவியுள்ளது. கட்டுமானத் தொழிலில் இதனை 'மைவான்' முறை என்பர். இச்சுவர் வலிமையில் குறைவற்றது. 8 அல்லது 10 மி.மீ. உலோக விரிவு ஆங்கர் இதில் உறுதியாகப் பிடிக்கும். சாதாரண டிரில் கருவி இங்குத் திணறும்; தச்சரிடம் ரோட்டரி ஹேமர் வகைக் கருவி உள்ளதா எனக் கேட்டுக்கொள்ளவும்.

இங்கு இடர் வேறு இடத்தில் உள்ளது. இச்சுவரே கட்டடத்தின் எடையைத் தாங்குகிறது. உள்ளே கம்பிகள் உள்ளன. மின்குழாய்களும் வார்க்கும்போதே புதைக்கப்பட்டுள்ளன. துளையிடுகையில் கம்பி தட்டுப்பட்டால் அதனை அறுத்துச் செல்லக்கூடாது. துளையைச் சில செ.மீ. தள்ளி இட வேண்டும். சுவரின் விளிம்பிலிருந்தும் தூணின் மூலையிலிருந்தும் குறைந்தது 10 செ.மீ. விலகியிருப்பது பாதுகாப்பு, விரியும் ஆங்கர் விளிம்பை உடைத்துவிடும். கூரைத் தளத்தில் துளையிட்டு அலமாரியைத் தொங்கவிடுவதைக் கட்டுநரின் எழுத்துவழி ஒப்புதலின்றிச் செய்யலாகாது. முறுக்கேற்றிய உருக்கு வடங்களைக் கொண்டு சில அடுக்ககங்களின் தளங்கள் அமைக்கப்படுகின்றன. அவ்வடம் ஒன்று சேதமுற்றால் பாதிப்பு ஒரு வீட்டோடு நில்லாது.

ஏ.ஏ.சி. கல்

நீராவியழுத்தத்தில் பதப்படுத்திய, நுண்துளைகள் நிறைந்த இக்கல்லை 1920களில் சுவீடனைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் யோகான் ஆக்செல் எரிக்சன் உருவாக்கினார். இன்று இந்திய அடுக்ககங்களின் உட்சுவர்களில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. ஒரு கனமீட்டர் கான்கிரீட் ஏறத்தாழ 2,400 கிலோ, ஏ.ஏ.சி. கல் 550 முதல் 650 கிலோ வரைதான். தண்ணீரிலிட்டால் மிதக்கும். கட்டடத்தின் எடையைக் குறைப்பதும் வெப்பத்தைத் தடுப்பதும் இதன் சிறப்பு. அந்த இலேசுத்தன்மையே அலமாரிக்கு எதிரி.

சாதாரணப் பிளக் கெட்டியான கல்லில் விரிந்து அழுத்திப் பிடிப்பது. ஏ.ஏ.சி.யில் அது விரியும்போது சுற்றியுள்ள கல் நொறுங்கித் தூளாகிவிடுகிறது. மாட்டிய அன்று உறுதியாகவே தோன்றும். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் துளை சிறிது சிறிதாகப் பெருகும். அலமாரியின் மேல்விளிம்புக்கும் சுவருக்கும் இடையே மெல்லிய கோடு போல் இடைவெளி தோன்றுவதே முதல் எச்சரிக்கை.

இச்சுவருக்கான வழிமுறைகள் மூன்று. முதலாவது, ஏ.ஏ.சி.க்கென்றே செய்யப்பட்ட, புறத்தில் சுருள்வரிசை கொண்ட நீண்ட நைலான் பிளக். இதற்குத் துளையிடும்போது கருவியின் 'ஹேமர்' இயக்கத்தை நிறுத்திவிட்டுச் சுழற்சியை மட்டும் பயன்படுத்த வேண்டும். பிளக்கின் பொதியில் குறித்த அளவைவிடப் பெரிய துளை கூடாது. இரண்டாவது, துளையில் பிசின் செலுத்தி அதில் திருகுத்தண்டை நிறுத்தும் கெமிக்கல் ஆங்கர். பிசின் இறுகுவதற்குப் பொதியில் குறித்த நேரம் முழுவதும் காத்திருந்த பின்னரே எடையேற்ற வேண்டும். மூன்றாவது, சுவரின் மறுபக்கம் வரை செல்லும் போல்ட்டும், அங்கே அகன்ற இரும்புத் தட்டும். மறுபக்கமும் உங்கள் வீடாகவே இருந்து, தட்டை மறைக்க இயலுமாயின் கனத்த அலமாரிக்கு இதுவே நம்பகமானது.

வீடு இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருந்தால் இவை எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்றுண்டு. சமையலறைச் சுவரில் மேலடுக்கு மாட்டும் உயரத்தில் ஒரு மெல்லிய கான்கிரீட் பட்டையை வார்த்துத் தருமாறு கட்டுநரிடம் கேளுங்கள். பின்னாளில் எல்லா ஆங்கர்களும் அதில் இறங்கும்.

உள்ளீடற்ற கல்லும் பலகைத் தடுப்பும்

ஹாலோ பிளாக் எனப்படும் கல்லின் வெளித்தோல் ஏறத்தாழ 3 செ.மீ.தான், அதன்பின் வெற்றிடம். நீண்ட விரிவு ஆங்கர் அங்கே பிடிக்க எதுவுமின்றி நிற்கும். வெற்றிடத்தில் முடிச்சுப்போல் திரண்டு பின்பக்கத்தைக் கவ்வும் பிளக், அல்லது வலைக்குழலைச் செருகி அதில் பிசினை நிரப்பும் முறை இதற்குப் பொருத்தம். துளையிடும்போது பலத்த அதிர்வு கூடாது. தோல் உட்புறமாக உடைந்து பள்ளமாகும்.

ஜிப்சம் பலகையின் தடிமன் பெரும்பாலும் 12.5 மி.மீ. அதன் பின்னே தகட்டாலான செங்குத்துச் சட்டங்கள் பொதுவாக 60 செ.மீ.க்கு ஒன்றாக நிற்கும். பலகையில் மட்டும் மாட்டலாமெனில் படம், கடிகாரம் போன்ற இலேசான பொருள்களை மாட்டலாம். அலமாரியை ஒருபோதும் மாட்டலாகாது. சட்டங்களைக் கண்டறிய ஒரு சிறு காந்தம் போதும். பலகையைப் பிணைத்துள்ள திருகாணிகளை அது காட்டிக்கொடுக்கும், அவை ஒரே கோட்டில் மேலும் கீழுமாக இருந்தால் அங்கே சட்டம் உள்ளது. ஆயினும், மெல்லிய தகட்டுச் சட்டம் புத்தக அடுக்கையே தாங்கும். பாத்திரம் நிறைந்த அலமாரிக்குத் தடுப்பு எழுப்பும்போதே உட்புறம் 18 மி.மீ. ஒட்டுப்பலகைப் பட்டையைச் சட்டங்களுக்கிடையே பொருத்திவிட வேண்டும். தடுப்பு ஏற்கெனவே எழுப்பப்பட்டுவிட்டதெனில், அலமாரியைத் தரையில் நிற்கும் வகையாக மாற்றிக்கொள்வதே அறிவுடைமை.

பிறமாநிலங்களின் சுவர்கள்

பணி நிமித்தம் மாநிலம் மாறிக் குடியேறும் வாடிக்கையாளர்கள் பலர். அவர்கள் எதிர்கொள்ளும் சுவர்களும் மாறுகின்றன. கேரளம், கோவா, கொங்கணக் கரை ஆகிய பகுதிகளில் செம்பாறைக் கல் வழக்கிலுள்ளது. கேரளத்தில் இதை வெட்டுகல் என்பர். மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புரத்தில் இக்கல்லைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், 1807இல் வெளியான தம் பயண நூலில் இதற்கு 'லேட்டரைட்' என்று பெயரிட்டார். இலத்தீன் மொழியில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர். இக்கல்லில் இயற்கையான துளைகள் மிகுதி. ஒரே கல்லில் ஓரிடம் கெட்டியாகவும் மற்றோரிடம் பொருபொருத்தும் இருக்கும். நீண்ட பிளக்கோ கெமிக்கல் ஆங்கரோ பயன்படுத்தி, ஒவ்வொரு துளையையும் தனித்தனியே இழுத்துச் சோதிப்பது அவசியம்.

அசாமிலும் மேகாலயத்திலும் காணப்படும் 'அசாம் வகை' வீடுகளில் மரச்சட்டங்களுக்கிடையே இக்ரா என்னும் நாணலை நிரப்பி மேலே பூச்சு பூசியிருப்பர். நிலநடுக்கத்தின்போது இலேசாக வளைந்து கொடுக்கும் அமைப்பு அது. பார்வைக்குக் காரைச் சுவர் போலவே தோன்றினும், நாணற்பகுதியில் எந்தப் பிளக்கும் நில்லாது. இரு மரத்தூண்களுக்கிடையே ஒரு மரப்பட்டையைக் குறுக்காகப் பொருத்தி, அலமாரியை அதில் மாட்ட வேண்டும்.

புதிய முறைகளும் வந்துள்ளன. 2021 ஜனவரி 1 அன்று நடுவண் அரசு ஆறு நகரங்களில் முன்மாதிரி வீட்டுத்திட்டங்களுக்கு அடிக்கல் நாட்டியது. ஆறிலும் ஆறு வேறு தொழில்நுட்பங்கள். இராஜ்கோட்டில் ஒருசேர வார்த்த கான்கிரீட்; சென்னையிலும் இராஞ்சியிலும் முன்வார்ப்புக் கான்கிரீட்; இந்தூரில் முன்தயாரித்த அடுக்குப் பலகை; அகர்தலாவில் இலேசான உருக்குச் சட்டம்; இலக்னோவில் கான்கிரீட் நிரப்பப்பட்டு, சுவரோடு நிலையாக நிற்கும் பி.வி.சி. அச்சு. இத்தகைய வீட்டைப் பெறுவோர் அதன் பராமரிப்புக் கையேட்டைக் கேட்டுப் பெற்று, எங்கே துளையிடலாம் என்பதைப் படித்த பின்னரே கருவியை எடுக்க வேண்டும்.

துளையிடும் முன்பும் மாட்டும்போதும்

மின்கம்பிக் குழாய்கள் பெரும்பாலும் விசைப்பலகையிலிருந்து நேர்மேலாகவோ நேர்கீழாகவோ செல்லும். எனவே விசைப்பலகை, பிளக் முனை, விளக்கு ஆகியவற்றின் நேர்கோட்டில் துளையிடுவதைத் தவிர்க்கவும். குளியலறையை ஒட்டிய சுவரில் தண்ணீர்க் குழாய் செல்லும் தடத்தை அறியாமல் துளையிட வேண்டா. சுவர் பூசுவதற்கு முன் எடுத்த ஒளிப்படங்கள் இருப்பின் அவை பொன்போன்றவை. வீடு கட்டுவோர் ஒவ்வொரு சுவரையும் பூச்சுக்கு முன் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. துளையிடும் அறையின் மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, கருவிக்கு வேறு அறையிலிருந்து மின்சாரம் எடுக்கலாம்.

துளையிட்டபின் உள்ளேயுள்ள தூளை ஊதியும் தூரிகையிட்டும் நீக்க வேண்டும். தூள் தங்கிய துளையில் பிளக் வழுக்கும், பிசின் ஒட்டாது. அரை நிமிட வேலை இது. அவசரத்தில் பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான்.

அலமாரியின் பக்கத்திலும் கவனம் தேவை. 6 மி.மீ. பின்பலகையின் வழியே மட்டும் திருகாணியைச் செலுத்தினால், சுவர் விடாவிட்டாலும் பலகை கிழிந்து அலமாரி விழும். பின்பலகையோடு மேலும் கீழும் 18 மி.மீ. தாங்குபட்டை வைத்து, அதன் வழியே திருகாணி செல்ல வேண்டும். அகன்ற வாஷர் இடுவது நலம். சுவர் நெடுகிலும் உலோகத் தொங்குபட்டை ஒன்றை ரசமட்டம் வைத்து நேராகப் பொருத்தி, அலமாரிகளை அதில் மாட்டும் முறை இன்னும் சிறந்தது. எடை பல துளைகளுக்குப் பகிரப்படும். அடுத்தடுத்த அலமாரிகளைப் பக்கப்பலகை வழியே ஒன்றோடொன்று பிணைத்தால் ஒன்றின் சுமையை மற்றொன்றும் ஏற்கும்.

மாட்டி முடித்த அன்றே பொருள்களை அடுக்காதீர்கள். முதலில், எதிர்பார்க்கும் எடைக்குச் சமமாகத் தண்ணீர் நிரப்பிய புட்டிகளை வைத்து ஓரிரவு விட்டுப் பாருங்கள்; ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் கணக்கும் எளிது. மேல்விளிம்பில் ஒரு காகிதத்துண்டு நுழையுமளவுக்கு இடைவெளி தோன்றினாலும் தச்சரை மீண்டும் அழைக்க வேண்டியதுதான்.

தரையில் நிற்கும் அலமாரிகள்

தரையில் நிற்பதால் அது விழாது என்று எண்ணுவது தவறு. உயரமான, ஆழம் குறைந்த இழுப்பறை அலமாரியில் எல்லா இழுப்பறைகளையும் ஒருங்கே வெளியே இழுத்தால் எடையின் மையம் முன்னே நகர்கிறது. இழுப்பறைகளைப் படிகளாக்கி ஒரு குழந்தை ஏறினால் அது அப்படியே முன்புறமாகச் சாயும். மேற்புறத்தில் 'எல்' வடிவத் தகடு இரண்டைச் சுவரோடு பிணைத்தால் இவ்விடர் நீங்கும். கனமான பொருள்கள் கீழ்த்தட்டில் இருக்கட்டும்.

இமயமலைச் சாரல், வடகிழக்கு மாநிலங்கள், கட்ச் ஆகிய நிலநடுக்க வாய்ப்பு மிக்க பகுதிகளில் வாழ்வோர்க்கு இது இன்றியமையாதது. 2001 ஜனவரி 26 புஜ் நிலநடுக்கம் போன்ற பேரழிவில் மட்டுமன்று, கட்டடத்துக்கு ஏதும் நேராத நடுத்தர அதிர்விலும் அலமாரிகள் சாய்ந்து காயப்படுத்தும், வாயிலை மறித்து வெளியேற விடாமலும் செய்யும். அடுக்குகளைச் சுவரோடு உறுதியாகப் பிணைக்குமாறும் கனமான பொருள்களைத் தாழ்வான தட்டுகளில் வைக்குமாறும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்துகிறது.

பணமும் பொறுப்பும்

வங்கியாளர்கள் என்ற முறையில் சிலவற்றைக் கூற விழைகிறோம். பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் 2021 ஏப்ரல் 1 முதல் வழங்கிவரும் 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுக்காப்பீடு, தீ, நிலநடுக்கம், புயல், வெள்ளம் முதலிய குறிப்பிட்ட நேர்வுகளுக்கு இழப்பீடு தருகிறது. கட்டடக் காப்பீட்டுத் தொகையில் 20 விழுக்காடு வரை, அதிகபட்சம் 10 இலட்சம் ரூபாய்க்குப் பொதுவான வீட்டுப்பொருள்களும் தாமாகவே அதில் அடங்கும். ஆயினும், சரியாக மாட்டப்படாததால் தானே கழன்று விழுந்த அலமாரி அந்த நேர்வுகளின் பட்டியலில் இல்லை. அந்த இழப்பு முழுவதும் நம்முடையதே.

மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம், 2016இன் பிரிவு 14(3)இன்படி, வீடு ஒப்படைக்கப்பட்டதிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் தெரிவிக்கப்படும் கட்டமைப்புக் குறைபாடுகளைக் கட்டுநர் 30 நாள்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். எடைதாங்கும் சுவரில் நாமே கம்பியை அறுத்திருந்தால், பின்னர் தோன்றும் விரிசல் யாரால் வந்தது என்னும் வழக்குக்கு நாமே இடங்கொடுத்தவர்களாவோம். வாடகை வீட்டில் குடியிருப்போர், துளையிடுவதற்கு உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் பெற்றுக்கொண்டால் முன்பணத்தைத் திரும்பப் பெறும்போது பிணக்கு எழாது.

உள்ளமைப்புப் பணிக்கு விலைப்புள்ளி வாங்கும்போது ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: எந்தச் சுவருக்கு, எந்த வகை ஆங்கர், எத்தனை, என்ன நீளம். பலகையின் வகையையும் வண்ணத்தையும் பக்கம் பக்கமாக விவரிக்கும் விலைப்புள்ளிகளில் பெரும்பாலும் இந்த வரி மட்டும் இருப்பதில்லை. ஓர் அலமாரியைத் தாங்கும் நல்ல ஆங்கர்களின் விலை, பெரும்பாலும் அதன் கைப்பிடிகளின் விலையைக்கூட எட்டாது. அந்த வரியை எழுதித்தர இயலாத ஒப்பந்தக்காரர், சுவரைப் பற்றி இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை என்று கொள்ளலாம்.

ஏற்கெனவே மாட்டிய அலமாரிகளையும் ஆண்டுக்கொருமுறை சோதிப்போம். பண்டிகைக்காகச் சமையலறையை ஒழிக்கும் நாள் அதற்கு உகந்தது. மேல்விளிம்பில் இடைவெளி உள்ளதா, கதவுகள் முன்பு போல் நேராக மூடுகின்றனவா, திருகாணியைச் சுற்றிப் பூச்சில் விரிசல் உண்டா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஏதேனும் தென்பட்டால் பொருள்களை அன்றே இறக்கிவிடுங்கள். திருகாணியை மட்டும் மீண்டும் முடுக்குவது தீர்வாகாது, பெருகிவிட்ட துளை பிடிக்காது. புதிய இடத்தில், அந்தச் சுவருக்குரிய பிடிமானத்தோடு மீண்டும் மாட்டுவதே சரியான வழி.